அருவி விழாவில் அக்கா எழுந்து நின்றது

உலகத்தில் அருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தம் இஷ்டத்துக்கு விழுந்துகொண்டிருப்பவை. முறையான நிர்வாகத்தின் கீழ், தகுந்த அதிகாரிகளின் கண்காணிப்பில், கூட்டம் போட்டு முடிவெடுத்து விழவைக்கப்படும் அருவி என்று உலகில் ஒன்று உண்டென்றால் அது எங்கள் அருவிதான். அதன் மேம்பாட்டு அலுவலகத்தில், ‘பார்வையாளர் திருப்தி’ப் பிரிவின் துணை மேலாளராக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. சொந்தக்காரர் கல்யாணங்களில் யாராவது “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டால் “அருவி” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். உடனே அவர்கள் பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

எங்கள் அலுவலகம் வருவதற்கு முன் அந்த அருவி இருந்த நிலைமையை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. மலை உச்சியிலிருந்து பாறையில் விழும். பாறையிலிருந்து குட்டையில் விழும். அங்கிருந்து காட்டுக்குள் போய்விடும். வரவேற்பும் கிடையாது, வழியனுப்பும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காது. ஜனங்கள் பாட்டுக்கு வந்தார்கள், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், நனைந்தார்கள், ஈரத்துணியோடு வீட்டுக்குப் போனார்கள். அதற்கு ‘அனுபவம்’ என்று பெயர் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் அனுபவ ஆலோசகர். மலையேறுபவர்கள் போடும் தடித்த பூட்ஸைக் கூட்ட அறையில்கூடக் கழற்றாதவர். அந்த பூட்ஸின் அடியில் ஒரு துளி மண் ஒட்டியிருந்து நாங்கள் பார்த்ததில்லை. அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்வார். முதல் கூட்டத்திலேயே அவர் மேசையைத் தட்டிச் சொன்னார்:

“மக்கள் அருவியைப் பாக்க வரல சார். ஒரு அனுபவத்துக்காக வராங்க. அருவிங்கறது அதுல ஒரு சின்ன பகுதிதான்.”

“எவ்வளவு சின்ன பகுதி?” என்று எங்கள் மேலாளர் கேட்டார்.

“போகப் போகக் குறைச்சுக்கலாம் சார்.”

அன்றிலிருந்து முன்னேற்றம் தொடங்கியது. மலைக்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது. அதை மூன்றாக்கினோம். ‘எளிய பாதை’ கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு போய், அருவியின் பெரிய புகைப்படம் ஒன்றின் முன்னால் முடியும். ‘நடுத்தரப் பாதை’ எங்கள் கடைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். ‘கடினப் பாதை’ அருவிக்கே போகும். அது பழைய பாதைதான். பெயரை மட்டும் மாற்றினோம். பெயர் மாற்றிய பிறகுதான் ஜனங்களுக்கு அதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

பாதை நெடுகப் பலகைகள் வைத்தோம். ‘இங்கே ஆழமாக மூச்சு விடவும்.’ ‘இங்கே திரும்பிப் பார்க்கவும்.’ ‘இங்கே வியக்கவும்.’ வளைவு ஒன்றில் ‘மௌனம் காக்கவும்’ என்று ஒரு பலகை. அதைப் படிக்காமல் போகிறவர்களுக்காக ஒலிபெருக்கி வைத்து, “மௌனம் காக்கவும், மௌனம் காக்கவும்” என்று நாள் முழுக்கச் சொல்லவைத்தோம். பார்வையாளர் திருப்தியை அளப்பது என் பொறுப்பு. முதலில், இறங்கி வருகிறவர்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கால்வலியில் என்னென்னவோ சொன்னார்கள். பிறகு நுழைவாயிலில், ஏறப்போகிறவர்களிடமே கேட்டுவிடும் முறையைக் கொண்டுவந்தேன். அதிலிருந்து திருப்தி கிடுகிடுவென்று ஏறிவிட்டது. இந்தச் சிந்தனைக்காக எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம், அருவிக்கு நேர் எதிரே நாங்கள் எழுப்பிய ‘பார்வை மண்டபம்’. வெயில் படக்கூடாதென்று கூரை போட்டோம். சாரல் அடிக்கக்கூடாதென்று முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டோம். சாரல் பட்டுக் கண்ணாடி வெளுத்துப்போய் அருவி தெரியவில்லை. அதனால் மண்டபத்துக்குள் ஒரு பெரிய திரை வைத்து, அதில் அருவியைக் காட்டினோம். திரையில் அருவி பளிச்சென்று தெரியும். மூலையில் மணியும் வெப்பநிலையும் ஓடும். வெளியே இருக்கும் அருவியில் இந்த வசதி கிடையாது.

மண்டபத்தைத் திறந்துவைக்க எங்கள் நிறுவனத்தின் தலைவரே வர ஒப்புக்கொண்டார். மண்டபத்தின் முன்னால் திறந்த வெளியில் மேடை, எதிரே நாற்காலிகள், பின்னணியில் அருவி என்று ஏற்பாடு. அந்தச் சமயத்தில்தான் என் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்காவுக்குத் தையல் கடை. சின்ன வயதில் என் பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவைதான். எல்லாமே ஒரு சைஸ் பெரிது. “வளருவடா” என்பாள். மிஷினை மிதித்து மிதித்து அவளுக்கு வலது முட்டி தேய்ந்துவிட்டது.

“டேய், அடுத்த வாரம் முட்டி ஆபரேஷன். அதுக்கப்புறம் மாடிப்படிகூட யோசிச்சுதான் ஏறணுமாம். மலையெல்லாம் மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள உன் அருவிய ஒரு தடவ பாத்துடணும்டா.”

“அது என் அருவி இல்லக்கா. நிறுவனத்தோடது.”

“யாரோடதா இருந்தா என்ன? தண்ணி விழுதுல்ல?”

“விழுதுக்கா.”

“அப்ப சரி. நான் பொறந்ததுலேருந்து தண்ணின்னா குழாயில வர்றதத்தான் பாத்திருக்கேன். பெரிசா விழறத ஒரு தடவ பக்கத்துல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்.”

கடினப் பாதையில் ஏற அவளால் முடியாது. ஆனால் விழா நாளன்று மட்டும் ஊழியர்களின் குடும்பத்தாருக்காக மண்டபம் வரைக்கும் பஸ் விட ஏற்பாடாகியிருந்தது. மற்ற நாட்களில் அங்கே வண்டிக்கு அனுமதியில்லை. ஆகவே அக்கா அருவியைப் பார்ப்பதென்றால் அன்றைக்குத்தான், விட்டால் இல்லை. அவளுக்கு ஓர் இடம் சொல்லிவைத்தேன்.

விழாவுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கத் தலைவர் வந்தார். மேடையேறி, மைக்கைப் பிடித்து ஏதோ சொன்னார். அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மேலாளர் மரியாதையாகத் தலையாட்டினார். தலைவர் மறுபடி சொன்னார். மேலாளர் மறுபடி தலையாட்டினார். கடைசியில் கீழே இறங்கி வந்து காதருகில் சொன்னபோதுதான், “இந்தச் சத்தத்த நிறுத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

உடனே அவசரக் கூட்டம்.

“அருவிக்கு முன்னாடி கனமா ஒரு திரைச்சீலை போட்டா?” என்றார் ஒருவர்.

“அப்ப பின்னணியில என்ன தெரியும்?”

“திரைச்சீலையில அருவி படம் வரைஞ்சிடலாம் சார்.”

“தலைவர் பேச்ச அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்துடலாமே?” என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

மேலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “அப்ப தலைவர் வந்து என்னய்யா பண்ணுவாரு?” என்று கேட்டார். அவரை நாற்காலி போடும் குழுவுக்கு மாற்றினார்கள்.

முடிவில் ஆலோசகர்தான் எழுந்தார். “அருவியைக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கலாம்” என்றார்.

மலை மேலே ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறு தடுப்பணையும், அதில் ஒரு மதகும் உண்டு. விழாவன்று காலையிலேயே மதகை அடைத்துவிட்டால் அருவி நின்றுவிடும். தலைவர் நிம்மதியாகப் பேசலாம். பேசி முடித்ததும் மதகைத் திறந்தால், அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டே அருவி பிறந்தது போல இருக்கும். போட்டோவுக்கும் நல்லது. எல்லோரும் மேசையைத் தட்டினோம்.

“திறக்கச் சொல்லி மேல இருக்கற ஆளுக்கு எப்படித் தெரிவிக்கறது? அங்க போன் சிக்னல் கிடைக்காதே” என்றேன்.

“ரொம்ப சுலபம்” என்றார் மேலாளர். “பேச்சு முடிஞ்சதும் அவையில எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டப் போறாங்க. அவன் மேலேருந்து பைனாகுலர்ல பாத்துக்கிட்டே இருக்கட்டும். எல்லாரும் எழுந்ததும் தொறந்துடணும்.”

“நடுவுல யாராவது எழுந்துட்டா சார்?”

மேலாளர் சிரித்தே விட்டார். “நம்ம ஆபீஸ்லயா? முதல்ல எழுந்திருக்கறதுக்கு இங்க எவன் இருக்கான்?”

அவர் சொன்னது உண்மை. எங்கள் அலுவலகத்தில் முதலில் எழுந்திருக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. இரண்டாவதாக எழுந்திருக்கும் பழக்கம்தான் எல்லோருக்கும் உண்டு. பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டால் போதும், யாரோ பெரியவர் உள்ளே வருகிறார் என்று அனைவரும் எழுந்துவிடுவோம். திரும்பிப் பார்த்து யார் என்று சோதிப்பது மரியாதையாகாது. ஒரு முறை கணக்குப் பிரிவில் ஒருவர் கொசு அடிக்க எழுந்ததில், மொத்தப் பிரிவும் சாப்பாட்டு நேரம் வரை நின்றுகொண்டே இருந்தது.

விழா நாள் வந்தது. நுழைவாயிலில் ‘அருவி விழா’ என்று பெரிய எழுத்தில் தோரணப் பலகை. அருவி அன்றைக்கு விழாது என்பதால், இலக்கணம் தெரிந்தவர்கள் எப்படிப் படித்தாலும் அது சரியாகவே இருந்தது.

பஸ்ஸிலிருந்து அக்கா ஒரு காலை முதலில் ஊன்றி, மறுகாலை இழுத்து, மெதுவாக இறங்கினாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். பையில் மாற்றுத்துணியும் துண்டும் கொண்டுவந்திருந்தாள். நனைய வேண்டும் என்ற தீர்மானத்தோடு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். அவள் மேடைக்குப் பின்னால் பார்த்தாள். நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புப் பாறை, ஈரமாக, சும்மா நின்றது.

“எங்கடா?”

“அதான்க்கா.”

“பாறை தெரியுதுடா. அருவி எங்க?”

“ஒத்திவச்சிருக்கோம்கா. தலைவர் பேசி முடிச்சதும் விடுவாங்க.”

அக்கா என்னையும் பாறையையும் மாறிமாறிப் பார்த்தாள். “எத்தன மணிக்குடா பஸ் திரும்புது?”

“சாயங்காலத்துக்கு முன்னாடியே கிளம்பிடும்கா. ஆனா தலைவர் சுருக்கமா பேசறதா சொல்லியிருக்காரு.”

மண்டபத்துக்குள் திரையில் அருவி ஓடிக்கொண்டிருந்தது, முன்பே எடுத்து வைத்த படம். குடும்பத்தாரெல்லாம் திரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெளியே அருவி நின்றுபோயிருப்பதை ஒருவரும் கேட்கவில்லை. ஆலோசகர் என்னை முழங்கையால் இடித்து, “பாத்தீங்களா?” என்றார்.

கூட்டம் கூடியது. நானும் அக்காவும் நடு வரிசையில் உட்கார்ந்தோம். தலைவர் மைக்கைப் பிடித்தார். மலையே அடங்கிக் கிடந்தது. தம் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லாத ஓர் இடத்தில் அவர் அதற்கு முன் பேசியதில்லை என்று நினைக்கிறேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

“இயற்கை நம்மளோட பேசுது” என்றார். “நாமதான் காது குடுக்கறதில்ல. கொஞ்சம் கேளுங்க.”

கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டினோம்.

அதன் பிறகு அவர் இளமையில் பட்ட கஷ்டங்களைச் சொன்னார். நிறுவனம் வளர்ந்த கதையைச் சொன்னார். தண்ணீரின் பெருமையைத் தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னார். நாற்காலி நிழல்கள் நீள ஆரம்பித்தன. பஸ் ஓட்டுநர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு முறை ஹாரனைத் தொட்டார். அக்கா முட்டியைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“டேய், மடக்கியே வச்சதுல முட்டி புடிச்சுக்கிச்சு. கொஞ்சம் எழுந்து நிக்கட்டுமா?”

“ஐயோ, வேணாம்க்கா!”

“ஏன்டா?”

அவள் காதோரம் குனிந்து விவரம் சொன்னேன். மேலே மதகு, பைனாகுலர், எழுந்து நிற்றல் எல்லாவற்றையும்.

“அப்ப எழுந்து நின்னா தண்ணி வருமா?”

“ஒருத்தர் நின்னா வராதுக்கா. எல்லாரும் எழுந்திருக்கணும்.”

“இவங்கள்லாம் எப்ப எழுந்திருப்பாங்க?”

“யாராவது எழுந்தா எழுந்திருப்பாங்க.”

“அந்த யாராவது எப்ப எழுந்திருப்பாங்க?”

“தலைவர் முடிச்சதும்.”

அந்த நேரம் பார்த்து, மேடையில் தலைவர், “இப்ப என் பேச்சோட முக்கியப் பகுதிக்கு வரேன்” என்றார்.

துணி பத்தாமல் கொண்டுவந்து கோட்டு தைக்கச் சொல்பவர்களை அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். அதே பார்வையை என் மீது வைத்தாள். பிறகு என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்காமல் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது. பின்வரிசையின் சத்தம் கேட்டு அதற்கும் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், பழக்கதோஷம். முதல் வரிசையில் லேசாகக் கண்ணயர்ந்திருந்த மேலாளர், சத்தம் கேட்டு விழித்து, எல்லோரும் நிற்பதைக் கண்டு, பேச்சு முடிந்துவிட்டது என்று தீர்மானித்துத் துள்ளி எழுந்து கைதட்டினார். அவர் தட்டியதும் அனைவரும் தட்டினோம். பாதி வாக்கியத்தில் இருந்த தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நல்ல வாக்கியத்தைத் தாம் சொல்லிவிட்டதாக அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

முதலில் ஒரு குளிர்ந்த காற்று வந்தது. பிறகு மேலே எங்கோ மலை தொண்டையைக் கனைத்தது. காலையிலிருந்து சேர்த்துவைத்த தண்ணீர் மொத்தமும் ஒரே சமயத்தில் உச்சியைத் தாண்டி வெளியே வந்தது.

அதை நான் எப்படிச் சொல்வது? அலுவலக மொழியில் அதற்கு வார்த்தை இல்லை. வெள்ளையாக, மலை அகலத்துக்கு, பாறையைத் தொடாமலே வந்து விழுந்தது. மேடை நனைந்தது. மைக் ஒரு தரம் விக்கி ஓய்ந்தது. தலைவர் கையிலிருந்த காகிதங்கள் கூழாயின. சிவப்புக் கம்பளம் சுருண்டு மிதந்து நடுத்தரப் பாதை வழியாகக் கடையை நோக்கிப் போனது. ஆலோசகரின் பூட்ஸ் முதன்முதலாகச் சேற்றைப் பார்த்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்ததோடு சரி.

அக்கா அதற்குள் நாற்காலிகளைத் தாண்டிப் போய், அருவியோரத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். சேலை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. ‘இங்கே வியக்கவும்’ என்ற பலகை அவளுக்குப் பின்னால் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்தபடி சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். என் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. “நல்லாருக்குடா” என்று உதடு அசைந்ததாகத் தோன்றியது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு காலமாக மற்றவர்களின் திருப்தியை அளந்தவனுக்கு, அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிடிபட்டது. இதை நான் விசாரணையில் சொல்லவில்லை.

விசாரணை கடுமையாக நடந்தது. முதலில் எழுந்தது யார் என்பதுதான் கேள்வி. “எனக்கு முன்னாடி இருந்தவர் எழுந்தாரு, அதான் எழுந்தேன்” என்று பாதிப் பேர் சொன்னார்கள். “பின்னாடி சத்தம் கேட்டுச்சு, அதான் எழுந்தேன்” என்று மீதிப் பேர் சொன்னார்கள். அக்கா எங்கள் ஊழியர் இல்லை. அவள் எழுந்தது விசாரணை வரம்புக்குள் வரவில்லை. தலைவரைக் குறை சொல்ல முடியாது. மேலாளரைக் குறை சொல்ல, விசாரணை அதிகாரியான அவருக்கே மனம் வரவில்லை. கடைசியில், பதில் சொல்ல வராத ஒரே தரப்பின் மீது குற்றம் உறுதியானது. உரிய நேரத்துக்கு முன்பாகவும், அனுமதித்த அளவுக்கு அதிகமாகவும் விழுந்ததற்காக, மறு உத்தரவு வரும்வரை அருவி நிறுத்திவைக்கப்பட்டது. மதகை இறுக அடைத்து, ஓடையை மலைக்குப் பின்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் நிர்வாகம் எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்பதை வந்து பார்த்தால்தான் தெரியும். மண்டபத்துக் கண்ணாடியில் சாரல் படுவதில்லை. துடைக்காமலே எப்போதும் சுத்தம். அதன் வழியாகப் பாறை தெளிவாகத் தெரிகிறது. ஒலிபெருக்கியின் “மௌனம் காக்கவும்” இப்போது மலை முழுக்கக் கேட்கிறது. திரையில் அருவி தவறாமல் விழுகிறது. நுழைவாயிலில் நான் கேட்கும்போது, எல்லோரும் மிகவும் திருப்தி என்கிறார்கள். எனக்கும் பதவிப் பெயரிலிருந்து ‘துணை’ போய், முழு மேலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆலோசகர் முதல் கூட்டத்தில் சொன்ன சின்ன பகுதியை, சொன்னபடியே குறைத்து முடித்துவிட்டோம்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். பின்னணியில் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

“ஆபரேஷன் பண்ண டாக்டருக்கே ஆச்சரியம்டா. மெதுவா கோல் ஊனி மலையே ஏறலாம்னுட்டாரு. இந்தத் தடவ பஸ் வேணாம். உன் கடினப் பாதையில நடந்தே வரேன். அன்னிக்குச் சரியா பாக்கறதுக்குள்ள துண்டக் குடுத்து இழுத்துட்டு வந்துட்ட. ஒரு முழு நாள் உக்காந்து பாக்கணும்.”

“தாராளமா வாக்கா” என்று உற்சாகமாகச் சொன்னேன். புதிய கைப்பிடிகளைப் பற்றிச் சொன்னேன். பலகைகள் கூடியிருப்பதைச் சொன்னேன். திரையை இன்னும் பெரிதாக்கியதைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள்.

“அருவி?”

“திரையில ரொம்ப தெளிவா தெரியும்கா.”

“தண்ணிடா. தண்ணி விழுதா இல்லியா?”

“மறு உத்தரவு வரணும்கா.”

“யாரு கேட்டா வரும்?”

“கூட்டத்துல யாராவது எழுந்து கேக்கணும்.”

தையல் மிஷின் நின்றது.

“டேய்” என்றாள் அக்கா. “முட்டி தேஞ்சுபோன நான் எழுந்து நின்னேன். நல்ல முட்டிய வச்சிக்கிட்டு அத்தன பேர் இருக்கீங்களே, உங்களுக்கு என்னடா கேடு?”

கேள்வி நியாயமானதுதான். அதை முறைப்படி மேலிடத்தின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை, எங்கள் அலுவலக வழக்கப்படி, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.